பெருங்காய டப்பா

நொடித்துப் போன குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "பெருங்காயம் வைத்த டப்பா" என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள் நம் பெரியவர்கள். உள்ளே சரக்கு தீர்ந்துவிட்டது. வாசனை மட்டும் பாக்கி என்று அர்த்தம். இந்த உவமையை முதலில் சொன்னவர் யாரோ, அவர் சமையலறையையும் நன்றாக அறிந்தவர், கடன்காரர்களையும் நன்றாக அறிந்தவர். டப்பாவைப் புளி போட்டுத் தேய்த்தாலும், வெயிலில் கவிழ்த்து வைத்தாலும் அந்த வாசனை போகாது. ஆனால் அந்த டப்பாவில் வாசனையைத் தவிர இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. இந்தச் சேதியை நான் தெரிந்துகொண்டது என் தங்கை மகளால். அவளுக்கு இப்போது ஒன்பது வயது.

தங்கை வாழ்க்கைப்பட்டது வல்லக்கோட்டையில். முருக பக்தர்களுக்கு அந்த ஊரைச் சொல்ல வேண்டியதில்லை. ஏழடி உயரத்தில் நிற்கிற சுப்பிரமணிய சுவாமி. அருணகிரிநாதர் பாடிய தலம். வச்சிர தீர்த்தம் என்று ஒரு குளம். ஸ்ரீபெரும்புதூருக்குத் தெற்கே, ஒரகடத்தை அடுத்து, ஏரியும் நெல்வயலுமாக இருந்த பிரதேசம். 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியர்களின் மோட்டார்க் கார் ஆலை ஓடத் தொடங்கியது. 2010ல் ஒரகடத்தில் ஜப்பானியரும் பிரெஞ்சுக்காரரும் கூட்டாக ஓர் ஆலை திறந்தார்கள். அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் ஆலைகள் பின்னாலேயே வந்தன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் பிள்ளைகள் வேலைக்கு வந்து, பழைய மாட்டுக் கொட்டில் இருந்த இடங்களில் கட்டிய அறைகளில் நான்கு பேர், ஆறு பேர் என்று குடியேறினார்கள். மாப்பிள்ளைக்கு அந்த ஆலைகள் ஒன்றில் மேற்பார்வையாளர் வேலை.

குழந்தைக்கு ஆறு வயது ஆனபோதே உடம்பு தேறவில்லை. கைகால் குச்சி, வயிறு மட்டும் உப்பல், வகுப்பில் எப்போதும் முதல் பெஞ்சு. படிப்பினால் அல்ல, உயரத்தினால். ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மருந்து கொடுத்தார்கள். பூச்சி என்று பூச்சி மருந்து கொடுத்தார்கள். மருந்து கேட்காதபோது உறவுக்காரர்கள் வைத்தியம் ஆரம்பித்தது. "சோறு சோறு என்று போட்டால் குழந்தைக்குப் பலம் எங்கிருந்து வரும்? ராத்திரியில் இரண்டு சப்பாத்தி கொடு" என்றாள் ஒரு சித்தி. காலையும் மாலையும் பாலில் கலந்து கொடுக்க, பெரிய எழுத்தில் ஆரோக்கியம் என்று போட்ட மால்ட் பொடி வந்தது. ஊட்ட ஊட்டக் குழந்தை மெலிந்தது. இரண்டு வருஷம் ஒரு வைத்தியசாலை மாற்றி இன்னொரு வைத்தியசாலை. கடைசியில் சென்னையில் ஒரு டாக்டர், வேறு எதையும் எழுதாமல், ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை எழுதிக் கொடுத்தார். பிறகு குழாய் விட்டுக் குடலின் உட்புறத்தைப் பார்த்தார்கள். சீலியாக் என்று பெயர் சொன்னார்கள்.

விஞ்ஞானத்தில் எனக்குப் பெரிய படிப்புக் கிடையாது. டாக்டர் சொன்னதை என் பாஷையில் சொல்லுகிறேன். கோதுமையில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. சிறு பிராயத்தில் ரேஷன் கோதுமையை ஒரு பிடி வாயில் போட்டு மென்று மென்று பசையாக்கி விளையாடியவர்களுக்கு அதைத் தெரியும். சினிமாச் சுவரொட்டி ஒட்டுகிறவன் வாளியில் மைதாவைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு போகிறானே, அந்த மைதாவில் இருப்பதும் அதுதான். பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் அதன் பங்காளிகள் இருக்கின்றன. நமக்கெல்லாம் அது வெறும் சாப்பாடு. சிலருடைய உடம்புக்கோ அது உள்ளே வந்த மாத்திரத்தில் எதிரி. அந்த எதிரியோடு சண்டை போடுவதாக நினைத்து உடம்பு தன் குடலையே அரித்துக்கொள்கிறது. சத்தை உறிஞ்ச வேண்டிய மெல்லிய விரல் போன்ற அமைப்புகள் மழுங்கிவிடுகின்றன. பிறகு பாலும் பழமும் கொடுத்து என்ன பயன்? இதற்கு மாத்திரை இல்லை. ஆயுள் முழுவதும் கோதுமையை விடுவது ஒன்றுதான் வைத்தியம்.

உலகத்துக்கு இது தெரியவந்த கதையே ஒரு நாவலுக்குப் போதும். ஹாலந்து தேசத்தில் டிக்கே என்று ஒரு குழந்தை வைத்தியர். கோதுமை மேல் அவருக்கு யுத்தத்துக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944ன் கடைசியில் ஜெர்மானியர் பிடியில் இருந்த அந்த நாட்டில் பெரும் பஞ்சம் வந்தது. ரொட்டி இல்லை; ஜனங்கள் டியூலிப் பூச்செடியின் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். ஊரெல்லாம் வாடிய அந்தக் குளிர்காலத்தில், இந்த வியாதிக்காரக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950ல் டிக்கே தம் ஆராய்ச்சியை எழுதி வெளியிட்டார். ஊருக்கு அமுதமாக வருவது ஒரு குழந்தைக்கு நஞ்சாகும் என்பதை உலகம் அப்போதுதான் ஒப்புக்கொண்டது.

இரண்டு வருஷம் கண்டுபிடிக்காத டாக்டர்கள் மேல் தங்கைக்குக் கோபம் உண்டு. எனக்கும் இருந்தது, கொஞ்சம் படித்த பிறகு தணிந்தது. 2016ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் வடக்கே, வடகிழக்கே, தெற்கே என்று மூன்று இடங்களில் ஆயிரக்கணக்கான பேரைச் சோதித்திருக்கிறார்கள். வடக்கே நூறு பேருக்கு ஒருவருக்கு மேல் ரத்தத்தில் இந்த வியாதிக்கான எதிர்ப்பொருள் இருந்தது. தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர். நாம் அரிசி தின்பவர்கள். ஆயிரத்தில் ஒன்றை எந்த டாக்டர் முதலில் நினைப்பார்? ஆனால் அந்த ஒன்று நம் வீட்டுக் குழந்தையாக இருக்கும்போது கணக்கு ஆறுதல் தருவதில்லை.

பத்தியம் தொடங்கியது. பத்தியம் நமக்குப் புதிதல்ல. மருந்தை விடப் பத்தியத்தை நம்பிய சமூகம் நம்முடையது. சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட், மால்ட் பொடி எல்லாம் வீட்டை விட்டுப் போயின. இட்லி, தோசை, சோறு, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் இருந்தன. "இவ்வளவுதானா? நம் ஊர்ச் சாப்பாட்டை நம் ஊர்க்காரி சாப்பிடுவதற்கு என்ன கஷ்டம்?" என்று எல்லாரும் நிம்மதிப்பட்டார்கள். முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் முகத்தில் ரத்தம் ஊறியது. பிறகு வண்டி மேட்டில் நின்றதுபோல் நின்றுவிட்டது. வயிற்றுவலி அவ்வப்போது வந்தது. ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில், குறைய வேண்டிய எண் பாதி வழியிலேயே இருந்தது. "எங்கேயோ கோதுமை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, தேடுங்கள்" என்றார் டாக்டர்.

எங்கே என்று தேடுவது? தங்கை அழுதாள். குழந்தை பள்ளிக்கூடத்தில் திருட்டுத்தனமாக எதையோ தின்கிறாள் என்று ஒரு பேச்சு வந்தது. அந்தச் சந்தேகம் வியாதியை விடக் கொடியது. தின்னாத பிஸ்கட்டுக்காக ஒரு குழந்தை சத்தியம் செய்து அழுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

வழி காட்டியது மாப்பிள்ளையின் கீழ் வேலை செய்த ஒரு ஹரியானாப் பிள்ளை. அவனுக்கும் பன்னிரண்டு வயதிலிருந்து இதே வியாதியாம். கோதுமை விளையும் சீமையில் பிறந்து கோதுமை ஆகாத உடம்பு. அரிசி நாட்டுக்கு வேலை கிடைத்தபோது அவன் தாயார் கோவிலுக்குத் தேங்காய் உடைத்தாளாம், பிள்ளை இனிமேல் பயமில்லாமல் சாப்பிடுவான் என்று. இங்கே வந்து மெஸ்ஸில் சாம்பார் சாதம் தின்று ஒரு மாதத்தில் படுத்துவிட்டான். அப்புறம் அவனே துப்புத் துலக்கியிருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், வாசலிலேயே நின்று, "அக்கா, ஹிங் டப்பா காட்டுங்க" என்றான்.

தங்கையின் மாமியார் உள்ளிருந்து டப்பாவைக் கொண்டுவந்தாள். அவன் அதைத் திருப்பி, அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்த எழுத்தை நகத்தால் தொட்டுக் காட்டினான். கோதுமை மாவு, பிசின், பெருங்காயம் என்று அந்த வரிசையில் இருந்தது. எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது விதி.

அந்த அம்மாளின் முகத்தை நான் பார்க்கவில்லை; தங்கை சொல்லித்தான் தெரியும். அவள் ரசம் அந்தத் தெருவில் பிரசித்தம். "ஐம்பது வருஷமாகப் பெருங்காயம் என்று நான் போட்டது கோதுமை மாவா?" என்று கேட்டுவிட்டு, திண்ணையில் போய் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்து வரவில்லையாம்.

பெருங்காயத்தைக் குற்றம் சொல்வதற்கில்லை. அது ஒரு செடியின் வேரைக் கீறி வடிக்கும் பால். ஆப்கானிஸ்தானத்திலும் ஈரானிலும் மலைச்சரிவில் விளைவது. இத்தனை பெருங்காயம் தின்கிற நம் தேசத்தில் அதைப் பயிர் செய்ய முயன்று, இமயமலை லாஹூல் பள்ளத்தாக்கில் முதல் செடி நட்டதே 2020 அக்டோபரில்தான். கலப்பில்லாத பெருங்காயம் மகா உக்கிரம். கையில் ஒட்டும், அளந்து போட முடியாது. ஆகவே பிசினும் மாவும் சேர்த்துப் பதப்படுத்தி விற்கிறார்கள். கூட்டுப் பெருங்காயம் என்று சட்டமும் அதற்குப் பெயர் கொடுத்திருக்கிறது. மோசடி ஒன்றுமில்லை. அரிசி மாவு சேர்த்துச் செய்வதும் இப்போது கிடைக்கிறது. ஆனால் மாவு எது என்று பார்த்து வாங்க வேண்டும் என்பது யாருக்குத் தோன்றும்?

"ஒரு சிட்டிகைப் பெருங்காயத்திலா குழந்தை படுத்துவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2007ல் இத்தாலியர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனால் குடலில் சேதம் தெரிகிறது என்று கண்டார்கள். ஒரு ரொட்டித் துண்டின் மூலையைக் கிள்ளினால் வரும் அளவு. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாவிட்டால்தான் 'குளூட்டன் இல்லாதது' என்று போட்டுக்கொள்ளலாம் என்பது உலகத்தார் வகுத்த விதி. நம் நாட்டு விதியும் அதுவே. ஓர் அரிசியின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். ஒரு சிட்டிகை ஒன்றும் செய்யாதுதான். ஆனால் சாம்பாரில் ஒரு சிட்டிகை, ரசத்தில் ஒரு சிட்டிகை, பொரியல் தாளிப்பில், இட்லிப் பொடியில், ஊறுகாயில், அப்பளத்தில், மோரில் என்று நம் சாப்பாடு சிட்டிகையால் ஆனது. எந்தச் சிட்டிகை என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. "எல்லாக் கதவையும் சாத்துங்கள்" என்றார்.

கதவுகள் பல இருந்தன. மாவு மில் ஒன்று. நமக்கு அரைத்த இடியாப்ப மாவுக்கு முன்னால் அதே இயந்திரத்தில் யாருடைய கோதுமை அரைபட்டதோ, அதன் மிச்சம் நம் பாத்திரத்தில் விழும். மில்காரரும் என்ன செய்வார்? அவருக்குப் பிழைப்பே கோதுமையில்தான்.

இன்னொன்று சாலையோரத் தள்ளுவண்டி. ஒரகடம் சாலையில் பொழுது சாய்ந்தால் இரும்புச் சட்டிகள் சடசடவென்று சப்தம் போடும். சோறும் முட்டையும் கோஸும்தானே என்று மாப்பிள்ளை எப்போதாவது பொட்டலம் வாங்கி வருவார். அதிலே ஊற்றுகிற கறுப்புச் சாஸில் விஷயம் இருக்கிறது. சோயாச் சாஸ் என்று பெயர். ஆனால் ஜப்பானியர் வழக்கமாகச் செய்கிற சாஸில் சோயா பாதி, கோதுமை பாதி என்று சேர்த்துத்தான் புளிக்க வைக்கிறார்கள். மாப்பிள்ளையின் ஆலையில் இருந்த ஒரு ஜப்பானியப் பொறியாளர், 'தமாரி' என்று இன்னொரு வகை உண்டு, பெரும்பாலும் கோதுமை சேராதது, அதிலும் சீட்டைப் பார்த்து வாங்குங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அதன் விலைக்கு இங்கே அரை மூட்டை அரிசி வரும் போலிருந்தது! கொரியர்களின் சிவப்பு மிளகாய் விழுதில் பலவற்றில் பார்லியோ கோதுமையோ இருக்கிறது. வினிகரில் ஒரு வகை பார்லியிலிருந்து வருகிறது. இங்கிலீஷ்காரர்களின் கடுகு விழுதிலும் கோதுமை மாவு சேர்ப்பதுண்டு. தக்காளிச் சாஸ் பெரும்பாலும் சாது. ஆக, சாப்பாட்டில் கோதுமையைத் தேடுவது சுலபம். சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்வதில் தேடுவதுதான் பிரம்மப் பிரயத்தனம்.

தாய்மாமன் என்று பெயர் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கலப்பில்லாத பால் பெருங்காயம் தேடிக்கொண்டு நான் சென்னையில் கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குப் போனேன். மூட்டையும் கைவண்டியுமாக நெரியும் அந்தத் தெருவில் மூன்று கடைக்காரர்கள், "சுத்தமான சரக்கு" என்று மார்பில் கை வைத்துச் சொன்னார்கள். நான்காவது கடையில் ஒரு வயோதிகர். குழந்தையின் கதையை முழுவதும் கேட்டார். கண்ணாடி போன்ற ஒரு சிறு கட்டியை எடுத்துக் காட்டினார்.

"இதிலே மாவு இல்லை, சார். ஆனால் உடைத்த சுத்தியலில், நிறுத்த தராசில், மடித்த பையன் கையில் மாவு இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? வியாபாரத்துக்குச் சொல்லலாம். குழந்தைக்குச் சொல்ல மாட்டேன்" என்றார்.

சரக்கைக் காகிதத்தில் மடித்து மறுபடி உள்ளே வைத்துவிட்டார். நான் வெறுங்கையோடு திரும்பினேன். ஆனால் அன்று அந்தத் தெருவில் நான் கேட்ட வார்த்தைகளில் சுத்தமான சரக்கு அது ஒன்றுதான்.

நான் வல்லக்கோட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே தீர்ப்பாகியிருந்தது. குழந்தைக்கு மட்டும் தனியாக ஒரு ரசம், தனியாக ஒரு சாம்பார் வைத்துவிடலாம் என்பது தங்கையின் யோசனை. மாமியார் ஒப்பவில்லை.

"ஒரு வீட்டில் இரண்டு ரசமா? அவள் தட்டுக்கு ஒன்று, நம் தட்டுக்கு ஒன்று என்று வைத்தால், அவள் நோயாளி என்று மூன்று வேளையும் நாமே சொல்லிக் காட்டுகிற மாதிரி ஆகாதா? அவளுக்கு எது ரசமோ அதுதான் எல்லாருக்கும் ரசம்" என்றாள்.

அந்த அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல். பெருங்காயம் இல்லாவிட்டால் மோர்கூட இறங்காத நாக்கு. தன் கையாலேயே டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். பழைய அஞ்சறைப் பெட்டியையும் கொடுத்துவிட்டாள். மிளகாய், மல்லி, மிளகு, சீரகம் எல்லாம் முழுசாக வாங்கி, கழுவி, மாடியில் காய வைத்து, வீட்டு மிக்ஸியில் அரைத்தாள். பூண்டைத் தட்டிப் போட்டு, கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு ஒரு ரசம் வைத்தாள். நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. பழைய ரசம் அல்ல. "எப்படி இருக்கு, தம்பி?" என்று கேட்டபோது, "நன்றாக இருக்கிறது, அம்மா" என்றேன். அவள் சிரித்துக்கொண்டு, "பொய் சொல்லாதே. அதிலே ஒரு குறை இருக்கு, எனக்குத் தெரியும். பழகிக்கொள்ள வேண்டியதுதான்" என்றாள்.

அன்று கிருத்திகை. எல்லாரும் கோவிலுக்குப் போனோம். பிரசாதம் புளியோதரை. தொன்னையில் வாங்கிய குழந்தை அதைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தாள். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், "சாமி பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக்கூடாது கண்ணு, தின்னு" என்று அன்போடு அதட்டினாள். குழந்தை மலங்க மலங்க விழித்தாள். பாட்டி ஒரு வார்த்தையும் விளக்கம் சொல்லவில்லை. பேத்தியின் தொன்னையை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, இரண்டு தொன்னையையும் தானே சாப்பிட்டாள். தன் கையிலிருந்த வாழைப்பழத்தை உரித்துப் பேத்தியிடம் கொடுத்தாள்.

"ஆயா, உனக்குப் பெருங்காயம் கிடைச்சிடுச்சு!" என்றாள் குழந்தை. கிழவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அடுத்த பரிசோதனையில் எண் இறங்கியிருந்தது. இதில் பெருங்காயத்தின் பங்கு எவ்வளவு, மில்லின் பங்கு எவ்வளவு, தள்ளுவண்டியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஒரு வருஷத்தில் குழந்தை இரண்டாவது பெஞ்சுக்குப் போய்விட்டாள் என்பது மட்டும் நிச்சயம்.

2020ல் நம் தேசத்தில் வந்த சீட்டு விதிகளின்படி, கோதுமை, பார்லி போன்றவை சேர்ந்திருந்தால் பொட்டலத்தின் மேல் அதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். நல்ல சட்டம். ஆனால் சட்டம் பொட்டலத்தோடு நின்றுவிடுகிறது. உதிரியாக மடித்துத் தருகிற கட்டிக்குச் சீட்டு ஏது? தள்ளுவண்டிச் சட்டிக்குச் சீட்டு ஏது? கல்யாணப் பந்தியில் இலைக்கு எதிரே உட்கார்ந்து, பரிமாறுகிறவரிடம் ஒரு குழந்தை என்னவென்று கேட்கும்? வாய் திறந்து கேட்டால் அடங்காப்பிடாரி. கேட்காவிட்டால் ஒரு வாரம் படுக்கை. நம் உபசாரத்தில் 'இன்னும் கொஞ்சம்' என்பதற்கு இருக்கிற இடம், 'உனக்கு இது ஆகுமா?' என்பதற்கு இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கிற பரிமாறுகிறவர் நூற்றில் ஒருவர் இருந்தாலும், ஆயிரத்தில் ஒரு குழந்தை நிம்மதியாகப் பந்தியில் உட்காரும்.

அந்த ஹரியானாப் பிள்ளை இப்போது ஞாயிறுதோறும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறான். அறைவாசிகள் என்றால் கதவைச் சாத்திக்கொள்ளும் தெரு அது. அந்த வீட்டில் மட்டும் அவனுக்கு ஓர் இலை உண்டு. மாதத்துக்கு ஒரு முறை அவனும் குழந்தையும் மளிகைக் கடைக்குப் போகிறார்கள். அவன் பார்த்து வாங்கிய அரிசி மாவுப் பெருங்காயம் ஒன்று சமீபத்தில் வீட்டுக்கு வந்திருக்கிறது. வந்த அன்றைக்கு மாமியார் உடனே அடுப்பில் போட்டுவிடவில்லை. டப்பாவைப் பேத்தியிடம் நீட்டி, பின்பக்கத்தில் இருப்பதை ஓர் எழுத்து விடாமல் உரக்கப் படிக்கச் சொன்னாள். அவள் படித்து முடிக்கும் வரை ரசம் அடுப்பில் நுரை கட்டிக்கொண்டு காத்திருந்தது.